எண்ணிக் கொடுத்தது

மருந்து விட்ட கண். நாலு மணி நேரத்துக்கு
வெளிச்சம் கூசும், எழுத்துப் புரியாது,
ஒன்று இரண்டாகத் தெரிந்தாலும் பயப்படாதீர்கள்
என்று சொல்லி அனுப்பினாள் நர்ஸ்.
சங்கரன்கோவில் பஸ் ஒன்பதரைக்கு.
மணி ஐந்தே கால்.

"சும்மா உக்காந்து என்ன செய்யப் போறிய?
தசரா சமயம், ஊரு ஜோரா இருக்கு.
முந்நூறு குடுங்க, சுத்திக் காட்டுதேன்" என்றார்
ஆட்டோ காஜா மைதீன்.
பார்க்க முடியாதவளிடம்
காட்டுகிறேன் என்கிற துணிச்சல் பிடித்திருந்தது.
ஏறிவிட்டேன்.

முதலில் நெல்லைக் கால்வாய்.
"இந்தா ஓடுது, பாருங்க."
பார்த்தேன். ஈயம் பூசின மாதிரி ஒரு நீளம்,
அதன்மேல் ஒரு பச்சை:
பாசியோ, யாருடைய சேலையோ.
"இது போயி நயினார்குளத்துல விழும்.
கரையில காய்கறி மார்க்கெட்.
தண்ணி போற வழியிலதான் கத்தரிக்காயும் போகும்."
வாசனை மட்டும் தெளிவாக இருந்தது:
கொத்தமல்லி, சாக்கடை,
எங்கோ அல்வாவில் காயும் நெய்.

ஆற்றுப் பாலம்.
கீழே தாமிரபரணி
ஓடுகிறதா நிற்கிறதா, சொல்லத் தெரியவில்லை.
"பாளையங்கோட்டை வந்துட்டு."
"கோட்டை எங்கே?"
"வாசல் இருக்கு. கோட்டைதான் இல்ல."
தெருவெல்லாம் சீரியல் விளக்கு.
ஒவ்வொரு பல்பும் எனக்குத்
தாமரை அகலம்.

பாளையங்கால்வாயை மூன்று முறை கடந்தோம்.
அல்லது ஒரே பாலத்தை மூன்று முறை.
முந்நூறு ரூபாய்க்கு ஊர் நீள வேண்டாமா.

மூன்றாவது பாலத்தில் கைகாட்டினாள் காளி,
எல்லாக் கையாலும்.

கிரீடம் உள்ளே வந்தது, கைகள் வரவில்லை.
கழற்றினாள். ஆறு மரக்கை என் மடியில்.
சூலத்தை மைதீன் காலடியில் படுக்க வைத்தார்.
தகர நாக்கை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்ட பிறகுதான்
காளிக்குப் பேச வந்தது:
"இசக்கிதுரைக்கா. கங்கைகொண்டான்ல பஞ்சர் கடை.
ஒரு டீக்கு நின்னேன், விட்டுட்டுப் போய்ட்டானுவ.
வேன் புது பஸ் ஸ்டாண்டுல நிக்கி.
விடியக்குள்ள குலசை போகணும்.
கண்ணுல என்னக்கா?"

சொன்னேன்.

"எனக்கும் அப்படித்தான். இந்தச் சடைமுடிக்குள்ள
நேர மட்டுந்தான் தெரியும். தரை தெரியாது.
நாப்பத்தோரு நாள் வெரதம், அதுகூட லேசு.
படி எறங்குததுதான் பாடு."

ஒரு பள்ளம். சின்னக் கை வழுக்கியது.
மஞ்சப்பையில் செருகிக்கொண்டேன்.

சப்பரம் ஒன்று வழியை மறித்தது.
மேளம் விலா எலும்புக்குள் அடித்தது.
காளி இறங்கி, நாக்கை மாட்டிக்கொண்டு,
அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.
எனக்குத் தெரிந்தது
ஒரு நீலம் போய் ஒரு மஞ்சளைத் தொட்டுத் திரும்பியது.

வேய்ந்தான்குளம், பஸ் ஸ்டாண்டு.
"இதுவும் குளந்தான்" என்றார் மைதீன்.
"நாம நிக்கது கரையில்ல, நடுவுல."
அதற்குத் தனியாகப் பணம் கேட்கவில்லை.

"எண்ணிக் குடுங்கக்கா."
எண்ணினேன். ஒவ்வொன்றையும் தொட்டு.
கண்ணை நம்பினேனா விரலை நம்பினேனா,
ஆறு வந்தது.
வேனிலிருந்து விசில்.
மைதீனுக்கு ஐம்பது நீட்டினாள்,
"சாமிட்ட வாங்குறதா" என்றார்.
போய்விட்டாள்.

மானூர் தாண்டும்போது எழுத்து திரும்பி வந்தது.
முதலில் வாசித்தது:
சரியான சில்லறை தரவும்.
பைக்குள் கைவிட்டேன்.
சொட்டு மருந்துக்குப் பக்கத்தில்
என் விரலைப் பிடித்தது
நீலமாய் ஒரு கை.

கண்டக்டர் பார்த்தார்.
தசரா நேரம்; ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்து நகத்துக்கும் பொறுமையாய்ச் சிவப்பு பூசியிருந்தது.
உள்ளங்கையில் பேனாவால்: இடது 3.
ஏழு கையோடு ஆடுவாள் இனி.
நேரே மட்டும் தெரிகிறவளுக்கு
ஓரத்தில் ஒன்று குறைவது எப்போது தெரியும்?
கங்கைகொண்டானில்
எத்தனை பஞ்சர் கடை இருந்துவிடப் போகிறது.

கையை மடியில் மல்லாக்க வைத்தேன்.
சில்லறை கேட்பது போலிருந்தது.
கவிழ்த்து வைத்தேன்.